ஸ்கேன் தேதியோடு நாலு வரியும் எழுதிக் கொடுங்கள்

திருநெல்வேலிச் சீமையில் எலும்பைப் பார்க்கும் போன் (bone) ஸ்கேன், புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் பெட் (PET) ஸ்கேன் எழுதிக் கொடுக்கும் டாக்டர்களுக்கும், ஸ்கேன் மையம் நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் என் சித்திக்கு போன் ஸ்கேன் எழுதியிருந்தார்கள். கையில் கிடைத்த சீட்டில் தேதியும் கட்டணமும் மட்டும்தான். ஸ்கேன் என்றால் வெறும் வயிறு என்று யாரோ சொன்னதை நம்பி, சர்க்கரை நோயாளியான அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திசையன்விளையில் விடியற்காலை பஸ் ஏறினார். ஊசி போட்ட பிறகுதான், "மூணு மணி நேரம் கழிச்சுத்தான் படம், நல்லா தண்ணி குடிங்க" என்றார்கள். போன் ஸ்கேனுக்குப் பட்டினியே தேவையில்லை. மருந்து எலும்பில் போய்ப் பிடிக்க 2 முதல் 4 மணி நேரம் ஆகும். பிடிக்காத மிச்சம் சிறுநீரில் வெளியேறத்தான் தண்ணீர். இதை முந்தின நாளே சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

பெட் ஸ்கேன் இதற்கு நேர்மாறு. அதில் வழக்கமாகச் செலுத்துவது சர்க்கரையைப் போன்ற மருந்து. 4 முதல் 6 மணி நேரம் சாப்பிடாமல் வர வேண்டும். ரத்தச் சர்க்கரை 200-ஐத் தாண்டினால் பல இடங்களில் தள்ளிவைத்துவிடுகிறார்கள். மாத்திரையையும் இன்சுலினையும் அன்று என்ன செய்வது என்று நோயாளி தானாக முடிவெடுக்கக் கூடாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த மருந்தின் கதிர்வீச்சு வீரியமோ 110 நிமிடத்தில் பாதியாகிவிடும், நாளைக்கு என்று எடுத்துவைக்க முடியாது. காலையில் காபி குடித்துவிட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்பினால் உங்களுக்கும் நஷ்டம்தானே. அப்புறம், ஊசிக்குப் பின் ஒரு மணி நேரம் தனியறையில் பேசாமல் படுத்திருக்கச் சொல்கிறீர்கள். அசைகிற தசை மருந்தை இழுத்துக்கொள்ளும் என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நம்மை ஒதுக்கி வைக்கிறார்கள் என்றே மனசு உடைந்துபோகிறார்கள்.

கூடங்குளம் இருக்கிற மாவட்டம் இது. கதிர்வீச்சு என்று காதில் விழுந்தாலே பயப்படுகிற சனங்களிடம் "ஒண்ணும் இல்லம்மா" என்று மழுப்பினால் பயம் கூடத்தான் செய்யும். உள்ளதைச் சொல்லுங்கள். போன் ஸ்கேனில் படம் எடுக்கும் காமா கேமரா எந்தக் கதிரையும் உடம்புக்குள் அனுப்புவதில்லை. உடம்பில் ஏற்றிய மருந்திலிருந்து வருவதைத்தான் பிடிக்கிறது. அந்த மருந்தில் உள்ள டெக்னீசியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும், மறுநாள் அதே நேரத்துக்கு 16-இல் ஒரு பங்குகூட இருக்காது. அன்றைக்கு ஒரு நாள் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டாம், கர்ப்பிணிகள் பக்கத்தில் நெடுநேரம் உட்கார வேண்டாம், கழிப்பறையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றிக் கையை நன்றாகக் கழுவ வேண்டும். இவ்வளவுதான் என்று தெரிந்தால் எங்கள் பெண்கள் நிம்மதியாகச் செய்துவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்: நாள் தள்ளிப் போயிருக்கிறதா, பால் கொடுக்கிறாயா? மாமியாரும் கொழுந்தனும் நிற்கிற வரவேற்பு மேசையில் வைத்துக் கேட்டால் எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள். ஊசிக்கு முன்னால் கட்டாயம் தெரிய வேண்டிய விஷயம் அது.

தேதி கொடுக்கும்போதே, எந்த ஸ்கேனுக்கு என்ன என்று பெரிய எழுத்தில், தமிழில், ஒரு தாள் கொடுங்கள். சந்தேகம் கேட்க ஒரு போன் நம்பரும் அதில் இருக்கட்டும். வாசிக்கத் தெரியாதவர் என்றால் முந்தின நாள் சாயங்காலம் நீங்களே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.