சக்கை (பலா) மரத்தடியில் ஒரு கோடைப் பந்தல்: செடி வளர்ப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், துணைத்தலைவர், பொருளாளர் அவர்களே, சங்கத்தின் அக்காமாரே, அண்ணன்மாரே, அனைவருக்கும் வணக்கம். போன மாசி முதல் இந்த மாசி வரைக்குமான அறிக்கையை வாசிக்கிறேன்.

மாதக் கூட்டம் ஐப்பசி தவிர எல்லா மாதமும் நடந்தது. ஐப்பசியில் மழை விடவில்லை. தோவாளைப் பூச்சந்தைக்கும் பேச்சிப்பாறைக்கும் ஒரு தடவை போய்வந்தோம். வரவு செலவைப் பொருளாளர் அக்கா வாசிப்பார்கள். அதனால் நேராக, இந்த வருஷம் நாம் ஒன்றுசேர்ந்து செய்த பெரிய வேலைக்கு வந்துவிடுகிறேன். வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளுக்காக நாம் போட்ட கோடைப் பந்தல்தான் அது.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் உறுப்பினர்களுக்குத் தெரியும். குளிர்நாடுகளில் கோடை வந்ததும், ராத்திரிக் குளிர் 12 டிகிரிக்குக் கீழே இறங்காது என்று உறுதியான பிறகு, வீட்டுச் செடிகளை வெளியே நிழலில் வைத்துவிட்டு, குளிர் திரும்பும் முன் உள்ளே எடுத்துவிடுவார்கள். நமக்குக் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. நம் பிரச்சினை பங்குனியிலும் சித்திரையிலும் சூடேறிக் கிடக்கும் கான்கிரீட் வீடு. ஜன்னலை அடைத்து ஏசி போட்டால் காற்று வறண்டு இலை நுனி கருகுகிறது. போடாவிட்டால் அறையே சூளை மாதிரி ஆகிவிடுகிறது. மான்ஸ்டெரா தெற்கு மெக்சிகோவில் இருந்து பனாமா வரையுள்ள காட்டுச் செடி. ஆந்தூரியம் கொலம்பியா, ஈக்வடார் பக்கம். அக்லோனிமா தென்கிழக்கு ஆசியா. எல்லாமே பெரிய மரங்களின் அடியில், ஈரக் காற்றில், சிதறி விழும் வெளிச்சத்தில் வாழ்ந்து பழகியவை. அந்த நிழலை நம் குமரி மண்ணில் உண்டாக்க முடியும் என்பதுதான் நம் எண்ணம்.

பந்தல் போடுவதற்கு முந்தின வருஷம் வைகாசியில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். தோட்டப் புத்தகங்களில் வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று படித்துவிட்டு, 9 அக்லோனிமாச் சட்டிகளை வீட்டின் வடக்குச் சுவரோரம் வைத்தேன். நாலாம் நாள் பார்த்தால் இலையில் வெளிறிய திட்டு. ஒரு வாரத்தில் அது காய்ந்த தாள் மாதிரி பழுப்பாகி நொறுங்கியது. ஐந்து சட்டி போய்விட்டது. நோய் என்று நினைத்து மருந்தும் அடித்தேன்.

காரணத்தைக் காட்டியவர் நம் துணைத்தலைவர். பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வுபெற்றவர். அந்த மாதக் கூட்டத்தில் மதியம் பன்னிரண்டே கால் தாண்டியதும் எல்லாரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டு, ஒரு ஈர்க்குச்சியை மண்ணில் நேராகக் குத்தினார். குச்சியின் குட்டி நிழல் தெற்குப் பக்கம் விழுந்தது. அப்படியானால் சூரியன் வடக்கே இருக்கிறது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 டிகிரியில். சித்திரை பிறப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு நண்பகலில் சூரியன் நம் உச்சிக்கு நேர் மேலே வரும். அதன் பிறகு ஆவணி பாதி வரை உச்சிவெயில் வடக்கில் இருந்துதான் அடிக்கும். தூரத்து நாட்டுக்காரர்கள் எழுதியது அவர்கள் ஊருக்குச் சரி. கோடையில் நம் ஊர் வடக்குச் சுவரில் நிழலே கிடையாது. அந்த ஒரு ஈர்க்குச்சியை வைத்துத்தான் பந்தலுக்கு இடம் தேடினோம்.

சுங்கான்கடை அண்ணன் தன் விளையில், அதாவது தோட்டத்தில், இருக்கும் சக்கை மரத்தடியைத் தந்தார். தென்னந்தோப்பு வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். மட்டையும் தேங்காயும் சட்டி மேல் விழும். தென்னை நிழலும் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். சக்கை மரத்து நிழல் அடர்த்தி, அதிகம் நகராது. ஆனால் சக்கையும் விழுமே? அதற்கு அண்ணன் வீட்டு மதினியே வழி கண்டார்கள். பந்தலுக்கு மேலே இருந்த கொப்புகளில் பிஞ்சாக இருக்கும்போதே அத்தனையையும் பறித்துவிட்டார்கள். வேலை நடந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் நமக்கு இடிச்சக்கைத் துவரனோடு (பலாப்பிஞ்சுப் பொரியல்) சோறு போட்டதும் அவர்கள்தான். சங்கத்தின் நன்றி.

அந்த மரத்தில் ஒரு குறை உண்டு. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலில் பெரிய கொப்பு ஒன்று முறிந்து, நடுவில் வானம் தெரியும் ஒரு ஓட்டை. உச்சிவெயில் அது வழியாக நேரே இறங்கும். அதை மறைக்க மட்டும் நிழல்வலை கட்டினோம். ஒரு கடையில் 75 சதவீதம் வெயிலைத் தடுக்கும் வலை என்று சொல்லித் தந்ததை விரித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், 50 சதவீதம்தான். திருப்பி எடுக்கவும் மாட்டோம் என்றுவிட்டார்கள். வருத்தம்தான். பிறகு அதையே இரண்டு மடிப்பாகக் கட்டினோம். பாதியில் பாதி, கால்பங்கு வெயில்தான் உள்ளே வரும். நமக்கு வேண்டியதும் அதுதான். முதலில் 6 அடி உயரத்தில் கட்டியதால் உள்ளே புழுங்கியது. கமுகுத் தூண் மாற்றி 10 அடிக்கு ஏற்றியதும் காற்று ஓடத் தொடங்கியது.

காற்றைப் பற்றி ஆரல்வாய்மொழி உறுப்பினர்கள் சொன்னது எல்லாருக்கும் உதவும். மலைக் கணவாய் வழியாக வரும் காற்று அவர்கள் பக்கம் இலையைக் கிழித்துவிடும். அதைத் தடுக்க மதில் கட்டினால், காற்று மதிலைத் தாண்டி மறுபுறம் சுழன்று விழுந்து சட்டியையே உருட்டும். இடைவெளி விட்ட தட்டியோ வேலியோதான் காற்றை வேகம் குறைத்து உள்ளே விடும். அதனால் மேற்கே சீமைக்கொன்னைக் கம்பு நட்டு, அது தழைக்கும் வரை ஓலையை நெருக்கமில்லாமல் கட்டி வைத்தோம்.

தரையில் ஆற்றுமணல் ஒரு சாண் உயரம் போட்டுச் சட்டிகளைப் பாதி புதைத்தோம். கறுப்புப் பிளாஸ்டிக் சட்டியை வெயில் நேரத்தில் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே வேர் வெந்து கொண்டிருக்கும். அதைப் பெரிய மண்சட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் நனைத்த தும்பு (தேங்காய் நார்) அடைத்ததும் சூடு அடங்கியது. சாயங்காலம் மணலில் தண்ணீர் தெளித்தால் ராத்திரி முழுக்க ஈரக் காற்று நிற்கும். செடிகளை நெருக்கி வைத்ததும் நல்லதாயிற்று. ஒன்றின் இலை விடும் ஈரம் பக்கத்துச் செடிக்கு ஆகிறது.

ஏசி அறையில் இருந்து வந்த செடிகளை முதல் வாரம் மரத்தின் தூரோரம், இருட்டு நிழலில்தான் வைத்தோம். பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்துக்கு நகர்த்தினோம். இந்தப் பொறுமை இல்லாமல் நடுவில் கொண்டுவைத்த இரண்டு கலாத்தியா சுருண்டுவிட்டது. மணவாளக்குறிச்சி அக்காவின் கலாத்தியா நுனி கருகியதற்குக் காரணம் வேறு. அவர்கள் வீட்டுக் கிணற்றில் உப்பு. இங்கே நல்ல கிணற்றுத் தண்ணீரும் கோடைமழைத் தண்ணீரும் ஊற்றியதும் புது இலை சுத்தமாக வந்தது.

பூச்சியில் செம்பேன் மட்டும் சித்திரையில் தொந்தரவு தந்தது. இலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தே ஒழித்தோம். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும். சட்டிக்கு அடியில் தட்டு வைக்க வேண்டாம் என்று முடிவெடுத்தோம். தேங்கிய தண்ணீரில் ஒரு வாரத்தில் டெங்குக் கொசு வந்துவிடும். ஆனி மழை தொடங்கியதும் ஆப்பிரிக்க நத்தை வரத் தொடங்கியது. வேர் அழுகும் பயமும் இருந்ததால் அந்த வாரமே செடிகளை அவரவர் வீட்டுக்கு அனுப்பினோம்.

ஒரு துக்கச் செய்தி. ஈத்தாமொழியில் இருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் பஸ் ஏறி வந்த நம் மூத்த உறுப்பினர் பாட்டி கார்த்திகையில் காலமானார். பந்தலில் யாராவது குடத்தைத் தூக்கினால், "மண்ணத் தொட்டுப் பாத்துட்டு வெள்ளம் ஊத்து மக்ளே" என்று கூப்பிட்டுச் சொல்வார். தானே விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டு, வெளியே எடுத்து, ஒட்டியிருக்கும் மண்ணைப் பெருவிரலால் உருட்டிக் காட்டுவார். உருண்டால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். உதிர்ந்தால் ஊற்றலாம். இன்றைக்கு நாம் எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறோம். அவருடைய ஆந்தூரியங்களைப் பேரன் நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார். அவற்றைப் பந்தலின் நல்ல இடத்தில், தூரில் இருந்து கிழக்கே, காலை வெயில் மட்டும் படும்படி வைக்க வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்தது.

இந்த வருஷம் பங்குனி இரண்டாம் வாரம் பந்தல் திறக்கும். வலையை மரம் தளிர்ப்பதைப் பார்த்து மாற்றிக் கட்டணும், ஆகவே பங்குனி முதல் ஞாயிறு காலை 7 மணிக்கு ஏணி வைத்திருப்பவர்கள் கொண்டுவரவும். தும்பு இருப்பவர்கள் ஒரு சாக்கு தந்தால் போதும். டிபன்பேக்கியா வைத்திருப்பவர்கள் அதைத் தனி வரிசையில் வைக்க வேண்டும். அதன் சாறு நாக்கையும் தொண்டையையும் வீங்க வைக்கும், விளையில் ஆடுகளும் குழந்தைகளும் நடமாடுவதுண்டு. சட்டியில் பெயரைப் பெயின்டால் எழுதுங்கள். போன தடவை பேனாவில் எழுதியது தண்ணீரில் அழிந்து, இரண்டு மணிபிளாண்ட் யாருடையது என்று தெரியாமல் இன்னும் என் வீட்டுத் திண்ணையில் நிற்கிறது. நன்றாகப் படர்ந்திருக்கிறது. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்