மூன்றாம் நாள் இரவுக்கு என்ன செய்தி?

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கறுப்பினத் தாய்மாருக்குக் குறுஞ்செய்தி வழியே தாய்ப்பால் ஆலோசனை தருவது பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தால், செய்தியை அனுப்பிவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும் என்று தோன்றுகிறது. எந்தச் செய்தி, எந்த நாளில், திருப்பி எழுதினால் பதில் சொல்ல யார் என்ற மூன்றும் சரியாக அமையாவிட்டால் அது இன்னொரு விளம்பரம், அவ்வளவே.

"தாய்ப்பாலே சிறந்தது" என்று எழுதி அனுப்புவது வீண். அங்கே கறுப்பினக் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று தாய்ப்பாலோடுதான் தொடங்குகின்றன; வெள்ளையரிடம் இது 85 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. இந்த இடைவெளிக்கு அறியாமை காரணம் என்று சொல்வது அநியாயம். அடிமைக் காலத்தில் கறுப்பினப் பெண்களை எசமானர் வீட்டுப் பிள்ளைக்குப் பாலூட்ட வைத்தார்கள். 1946-இல் வட கரோலினாவில் ஒரே பிரசவத்தில் பிறந்த ஃபுல்ட்ஸ் சகோதரிகள் நால்வரை, பெட் மில்க் நிறுவனம் தன் டப்பாப்பாலுக்கு விளம்பரமாக்கியது. கறுப்பினத்தவர் கூடுதலாக வாழும் பகுதிகளின் மருத்துவமனைகளில், பிறந்தவுடன் பாலூட்ட உதவுவதும் தாயையும் சேயையும் ஒரே அறையில் வைப்பதும் குறைவு என்று அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையமே 2014-இல் எழுதியது.

தாய் மனம் தளர்வது பெரும்பாலும் முதல் வாரத்தில். பால் நன்றாக இறங்க மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதுவரை வருவது சீம்பால், அளவு கொஞ்சம்தான். குழந்தை அழுகிறது, வீட்டில் யாரோ "பால் பத்தலை" என்கிறார்கள், புட்டி வந்துவிடுகிறது. குழந்தை உறிஞ்சுவது குறைந்தால் சுரப்பும் குறையும், பிறகு உண்மையிலேயே பத்தாது. ஆகவே இரண்டாம் நாளே போக வேண்டிய செய்தி ஒரு கணக்கு: 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பாலூட்டல், ஈர டயப்பர் முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று, ஐந்தாம் நாளுக்குப் பின் குறைந்தது ஆறு. "குறைந்தால் 1 என்று அனுப்புங்கள்" என்பது கடைசி வரி. மருத்துவர் முன்கூட்டிக் குறித்த பேறுகாலத் தேதியை வைத்து அட்டவணை போட்டால் மூன்று வாரம் முன்பே பிறந்த குழந்தைக்கு எல்லாம் தவறிப்போகும். பிறந்த தேதியைக் கேட்டு வாங்கித் திருத்த வேண்டும்.

பல கையேடுகள் வெள்ளைத் தோலை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. மார்பக அழற்சியா என்று அறிய, மார்பில் "சிவப்பு தெரிகிறதா" என்ற கேள்வி கருந்தோலில் பயன்படாது (நம் தோலிலும் பல நேரம் அப்படித்தான்). சூடு, கட்டி, தொட்டால் வலி, காய்ச்சல் என்று கேட்க வேண்டும். மஞ்சள்காமாலைக்குக் குழந்தையின் விழிவெண்மையையும் ஈறையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அடுத்த கண்டம் வேலைக்குத் திரும்புவது. அமெரிக்க மத்தியச் சட்டம் தரும் ஊதியமில்லாத 12 வார விடுப்புகூட 50 பேருக்குக் குறைந்த நிறுவனத்தில் இல்லை; சேர்ந்து ஓராண்டு ஆகாதவருக்கும் இல்லை. சில வாரங்களிலேயே திரும்புகிறவர்களுக்கு, திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பே பால் எடுக்கும் பம்ப் பற்றிய செய்திகள் தொடங்க வேண்டும். எடுத்த பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரம், குளிர்பெட்டியில் 4 நாள், உறைபெட்டியில் 6 மாதம். 2022 டிசம்பர் சட்டப்படி பிரசவத்துக்குப் பின் ஓராண்டு வரை, கழிப்பறையல்லாத மறைவிடமும் இடைவேளை நேரமும் பெரும்பாலான முதலாளிகள் தர வேண்டும். அதை மேலாளருக்கு அப்படியே அனுப்பும்படி இரண்டே வரியில் எழுதித் தருவது பத்து அறிவுரைக்குச் சமம்.

பதில் சொல்பவர் பாலூட்டிய அனுபவமுள்ள, அதே சமூகத்துப் பெண்ணாக இருப்பது நல்லது. அலுவலக நேரம் மட்டும் போதாது. குழந்தை விடாமல் பால் கேட்பது மாலையிலும் இரவிலும்தான். ஆளில்லாத நேரத்துத் தானியங்கிப் பதிலில், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தால் காத்திராமல் மருத்துவரிடம் போகச் சொல்லியிருக்க வேண்டும். குழந்தை இறந்துவிட்டால் எல்லாச் செய்தியையும் உடனே நிறுத்தத் தனி வழியும் வேண்டும்: கறுப்பினச் சிசு மரணம் அங்கே வெள்ளையரைவிட இரு மடங்குக்கு மேல்.

நுட்பத்தில் ஒன்று. ஆங்கிலச் செய்திக்கு 160 எழுத்து. ஒரே ஒரு இமோஜி சேர்த்தால் அது 70 ஆகி, செய்தி துண்டாகிறது, செலவும் ஏறுகிறது. தமிழில் செய்ய நினைப்பவர்களுக்கு வழக்கமாக 70-தான். "தா" என்பதே இரண்டாகக் கணக்காகும்.

இப்படிக்கு,
தாய்ப்பால் ஆலோசகர் ஒருவர்