மகளுக்கு, ஃபோகெர்ட்டியின் ஆல்பம் பற்றி

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன ஞாயிறு போனில் அமெரிக்க ராக் பாடகர் ஜான் ஃபோகெர்ட்டி பற்றிப் பேச்சு வந்தபோது, "பழைய பாட்டையே ஆள் சேர்த்துத் திரும்பப் பாடியிருக்கிறார், இதில் என்னப்பா இருக்கிறது?" என்று கேட்டாய். உடனே பதில் சொல்ல வரவில்லை. அதற்கப்புறம் இரண்டு நாளாக அந்த ஆல்பத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

'ரோட் எ சாங் ஃபார் எவ்ரிஒன்' வெளிவந்தது 2013 மே 28. அன்று அவருக்கு 68 வயது நிறைந்தது. அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம். விமர்சகர்களில் பெரும்பாலானோர் நன்றாகவே எழுதினார்கள். குறை சொன்னவர்கள் கேட்டதும் உன் கேள்வியைத்தான்: அவருடைய பழைய குழுவான கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் காலத்திலேயே குறையில்லாமல் அமைந்த பாட்டுகளை எதற்கு மறுபடி தொட வேண்டும்? இதில் பாதி நியாயம் உண்டு. ஃபூ ஃபைட்டர்ஸ் ராக் குழுவோடு பாடிய 'ஃபார்ச்சுனேட் சன்' பழையதைவிடச் சத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான். கிட் ராக் பாடியது எனக்கு ஒட்டவே இல்லை.

ஆனால் கன்ட்ரி பாடகி மிராண்டா லாம்பர்ட்டோடு பாடிய தலைப்புப் பாட்டை நிதானமாகக் கேள். ஊருக்கெல்லாம் பாட்டு எழுதியவனுக்குத் தன் வீட்டில் இருப்பவளோடு பேச முடியவில்லை என்பதுதான் அந்தப் பாட்டு. 1969-இல் அது ஓர் ஆண் தனியாகப் புலம்பியது. இப்போது அவன் பேசாமல் விட்ட பெண்ணே எதிரில் உட்கார்ந்து பாடுவது போல இருக்கிறது. வரிகள் அதேதான், அர்த்தம் திரும்பிவிட்டது. டாம் மொரெல்லோவின் கிட்டார் வரும் இடத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

'ப்ரவுட் மேரி'யும் அப்படித்தான். கலிஃபோர்னியாவில் இருந்துகொண்டு மிசிசிப்பி ஆற்றைப் பற்றி அவர் எழுதிய பாட்டு, ஜெனிஃபர் ஹட்சனின் குரலிலும் ஆலன் டூசான்டின் பியானோவிலும் நியூ ஆர்லியன்ஸ் வாத்தியங்களிலும் அந்த ஆற்றங்கரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்தப் பாட்டுகளை அவர் பல வருடம் மேடையில் பாடவே இல்லை, தெரியுமா? 1972-இல் குழு உடைந்தது. பாட்டுகளின் உரிமை இசைத்தட்டு நிறுவனத்திடம் இருந்தது. அந்தக் கசப்பில் தான் எழுதியதையே ஒதுக்கிவைத்தார். தனியாக ஒரு புதுப் பாட்டு எழுதி ஜெயித்தபோது, அது அவருடைய பழைய பாட்டைப் போலவே இருக்கிறது என்று அதே நிறுவனம் வழக்குப் போட்டது. 1988-இல் நீதிமன்றத்துக்குக் கிட்டாரைக் கொண்டுபோய், வாசித்துக் காட்டித்தான் அவர் ஜெயித்தார். 1987-இல் ஒரு சின்ன மேடையில் பாப் டிலன்தான் அவரிடம், நீ 'ப்ரவுட் மேரி' பாடாவிட்டால் அது, அதைப் பின்னால் பாடிய டீனா டர்னரின் பாட்டு என்றே எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள் என்று சொன்னாராம்.

அப்படி ஒதுங்கி இருந்தவர், மனைவி ஜூலி சொன்ன யோசனையைக் கேட்டு, உங்களுக்குப் பிடித்த பாட்டை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று மற்றவர்களைக் கூப்பிட்டிருக்கிறார். உரிமை அப்போதும் அவர் கைக்கு வரவில்லை. பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது 2023-இல்தான். எது பழையதைவிட மேல், எது கீழ் என்று நிறுத்துப் பார்க்கிறபோது இந்தக் கதை தராசில் ஏறுவதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஒன்று விட்டுவிட்டேன். 'லோடை' பாட்டில் கூட இருப்பது அவருடைய மகன்கள் ஷேனும் டைலரும். அண்ணன் டாம் 1971-இல் குழுவை விட்டுப் போனவர். 1990-இல் இறக்கும்வரை இருவருக்கும் மனம் சேரவில்லை. அண்ணனோடு பாட முடியாமல் போனவர் பிள்ளைகளோடு பாடுகிறார். அந்தப் பாட்டு முடிந்ததும்தான் உனக்கு எழுதத் தோன்றியது.

நீ தினமும் ஏறும் பார்ட் ரயில் எல் செரிட்டோவில் நிற்குமே, அவர் வளர்ந்த ஊர் அது. நாளைக்கு அந்த ஸ்டேஷன் வரும்போது 'லோடை'யைப் போட்டுக் கேள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல்.

அன்புடன்,
அப்பா