ஜிம்மியை நாளைக்கு அனுப்புகிறோம்

அன்பு மகனுக்கு,

இதைப் போனில் சொல்லத் தொடங்கினால் நான் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். அக்கா படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவாள்.

உன் நாய் ஜிம்மியை நாளைக் காலை ஒட்டுசுட்டான் மாமாவிடம் கொண்டுபோய் விடப் போகிறோம். உன்னைக் கேட்காமல் எடுத்த முடிவு. கனடாவுக்குப் போன அன்று படலையடியில் நின்று, "அம்மா, இவனைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை.

அக்காவின் சின்னவளை அவன் கடித்ததை உனக்கு அரைகுறையாகத்தான் சொன்னோம். குசினிக்குப் பின்னால் சோறு தின்றுகொண்டிருந்தான். பிள்ளை பக்கத்தில் போய்க் குந்தினாள், அவ்வளவுதான். அவன் உறுமவேயில்லை. நான் கிணற்றடியிலிருந்து ஓடி வருவதற்குள் கன்னத்தில் பல் இறங்கிவிட்டது. கண்ணுக்கு இரண்டு விரல் கீழே. சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும் என்று தெரியும். அப்பா பிள்ளையைப் பிடித்திருக்க, அவள் கத்தக் கத்த நான்தான் கழுவினேன். பிறகு ஆஸ்பத்திரி, ஊசிகள். ஜிம்மிக்கு வருடாவருடம் விசர்நாய்த் தடுப்பூசி போட்ட அட்டையைக் காட்டினோம். ஆனாலும் 14 நாள் கட்டிவைத்துக் கவனிக்கச் சொன்னார்கள். அந்த 14 நாளும் விடிந்ததும் முதல் வேலையாக அவன் தண்ணீர் குடிக்கிறானா என்றுதான் போய்ப் பார்த்தேன். குடித்தான். அவனுக்கு ஒரு நோயும் இல்லை. பிள்ளையின் காயமும் ஆறிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது.

இது முதல் கடி இல்லை, மகன். போன வருடம் மீன்காரரின் காலைப் பிடித்தான். பிறகு, பந்து எடுக்க வேலி பாய்ந்த பெடியனின் கை. மிருக வைத்தியரிடம் கொண்டுபோய், காதில் பல்லில் எங்காவது நோ இருக்கிறதா என்று பார்த்தோம். விதையெடுத்து நலமடிக்கும் ஒப்பரேசனும் செய்வித்தோம். பயத்தில் கடிக்கிற நாய்க்கு அது பெரிதாக உதவாது என்று அவர் முன்னமே சொல்லித்தான் செய்தார்.

எங்கள் பிழையும் இருக்கிறது. பக்கத்து வளவுக் கோழிகளுக்காகப் பகல் முழுவதும் சங்கிலியில் கட்டிவைத்தோம். படலையால் போகிற ஒவ்வொருவரையும் பார்த்துத் துள்ளித் துள்ளியே அவனுக்குக் கோபம் ஏறியிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய பிழை, சாப்பாட்டுத் தட்டில் உறுமும்போதெல்லாம் அப்பா அடித்தது. உறுமுவது "கிட்ட வராதே" என்று நாய் சொல்கிற வார்த்தை, அதை அடித்து நிறுத்தினால் சொல்லாமலே கடிக்கும் என்று வைத்தியர் சொன்னார். அதைக் கேட்டு அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை.

கூடு கட்டி வைத்திருக்கலாமே என்று கேட்பாய். யோசித்தோம். அக்காவுக்கு வேலை கிடைத்ததிலிருந்து பிள்ளை நாள் முழுவதும் எங்களோடுதான். ஒரு நாள் கூட்டின் கொளுக்கி சரியாக விழாமல் போனால்? அந்த ஒரு நாளை நினைத்து நான் நித்திரை கொள்ளவில்லை. மருந்து வைத்துக் கொல்லச் சொன்னவர்களும், சாக்கில் கட்டிச் சந்தையடியில் விடச் சொன்னவர்களும் உண்டு. அந்தக் கதையை வளவுக்குள் கதைக்க வேண்டாம் என்றுவிட்டேன்.

மாமாவிடம் ஒன்றும் மறைக்கவில்லை. மூன்று கடியையும் சொன்னேன். "மாடும் நானும்தானே, இங்கே குழந்தைகுட்டி வராது" என்றார். மூன்று ஞாயிறு இங்கே வந்தார். முதல் நாள் கதிரையைப் போட்டு, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்து கருவாட்டுத் துண்டுகளைப் பின்னால் எறிந்தார். மூன்றாம் ஞாயிறு அவர் கையிலிருந்தே வாங்கித் தின்றான். பட்டியைச் சுற்றி நல்ல வேலி இருக்கிறது. சங்கிலி தேவையில்லை.

உனக்கு ரொமியை ஞாபகமா? 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது லான்ட்மாஸ்டர் உழவு மெசினுக்குப் பின்னால் ஓடி வந்தது. தருமபுரம் தாண்டும் வரை கண்டோம், பிறகு காணவில்லை. நீ பெட்டிக்குள் இருந்து பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாய். 2010இல் திரும்பி வந்து, கூரையில்லாத வீடுகளில் நின்ற நாய்களையெல்லாம் உற்று உற்றுப் பார்த்தேன். இவனையும் அப்படி ரோட்டில் விட என்னால் முடியாது. கயிற்றை ஒரு கையிலிருந்து இன்னொரு கையில் கொடுத்துவிட்டுத்தான் வருவேன்.

நாளைக்கும் லான்ட்மாஸ்டர்தான். வாய்க்கூடு போட்டு, அவன் படுக்கிற சாக்கையும் தடுப்பூசி அட்டையையும் கொண்டுபோகிறோம். முறிகண்டியில் நிறுத்திப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, மாங்குளத்தில் ஒட்டுசுட்டான் ரோட்டில் திரும்புவோம்.

ஏழு மணிக்கு வெளிக்கிடுவோம். உனக்கு அப்போது இரவுதானே, அதற்கு முதல் ஒருக்கால் எடு. போனை அவன் காதடியில் பிடிக்கிறேன். உன் குரல் அவனுக்கு இன்னும் தெரியும்.

அம்மா