ஒரு நிழல், ஒரு பைப்பு: நெடுஞ்சாலை ஓய்விடங்கள நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மேலதிகாரிங்க எல்லாருக்கும் வணக்கம்.

ஸ்கூல் லீவு நேரத்துல நம்ம மலேசியா நெடுஞ்சாலையில இருக்கற ஆர் அண்ட் ஆர், அதாவது ஓய்விடம், எப்படி நெரியும்னு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. நாய் கொண்டு வரக்கூடாதுன்னு போர்டு மாட்டி வச்சிருக்கறதும் நீங்கதான். அதனால நேரா விஷயத்துக்கு வந்துடுறேன்.

போன லீவுல நாங்க சுங்கை சிப்புட்டுல இருந்து ஜொகூர் பாருவுக்கு கெளம்புனோம், 500 கிலோமீட்டருக்கு மேல ஓட்டம். ஆல்சா காடியில (காருல) நானு, வீட்டுக்காரரு, ஒம்பது வயசு பொண்ணு, நாலு வயசு பையன், 74 வயசு அத்தை, பின்னால எங்க நாய் சின்னி. சின்னி தோட்டத்து லயத்துல, அதாவது தொழிலாளிங்க வரிசை வீட்டுல, அத்தை வீட்டு படிக்கட்டுக்கு அடியில பொறந்தது. லயத்த ஒடச்சு எல்லாரும் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) மாறுனப்ப நெறைய பேரு நாய்ங்கள அங்கயே விட்டுட்டு வந்துட்டாங்க, அத்தை மட்டும் இத ஒரு பழைய சேலையில சுத்தி லாரி முன்சீட்டுல மடியில வச்சு கொண்டு வந்தாங்க. வருஷா வருஷம் நகராண்மையில லைசென்ஸ் எடுக்குறோம், கழுத்துல வட்டு தொங்குது, ஊசியெல்லாம் போட்டாச்சு.

வீட்டுல விட்டுட்டு போக வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. அஞ்சு நாளு யாருகிட்ட விடுறது? காசு கட்டி விடுற எடம் ஈப்போவுல விசாரிச்சோம், லீவு நேரம், எடமில்லன்னுட்டாங்க. சங்கிலி போட்டு தனியா கட்டி வச்சுட்டு போக எங்க யாருக்கும் மனசு வராது.

போறப்ப உச்சி வெயில். அத்தைக்கு சக்கரை இருக்கு, மணிக்கு ஒருதடவ டாய்லெட் போயே ஆகணும், சின்னவனுக்கும் அதே கதை, அதனால ஒரு ஆர் அண்ட் ஆர்ல நொழஞ்சோம். மரத்தடி எல்லாம் காடி நிக்குது, எங்களுக்கு கெடச்சது வெட்டவெளி. சரின்னு லாரி நிக்கிற பக்கம் கடைசியில இருந்த புல்லுல சின்னிய கயிற கையில சுத்திப் புடிச்சுக்கிட்டு எறக்குனேன். தாரு ரோடு சுட்டதுல அது ஒவ்வொரு காலா தூக்கித் தூக்கி வச்சுது. சின்னவன் ரெண்டு கையையும் குழியா வச்சுக்கிட்டு பாட்டில் தண்ணிய ஊத்தச் சொன்னான், அது நக்க ஆரம்பிச்ச நேரம் செக்யூரிட்டி கார்ட் மோட்டார்சைக்கிள்ல வந்துட்டாரு. "காக், மாஃப், அஞ்ஜிங் தா போலே." அக்கா, மன்னிக்கணும், நாய் கூடாதுன்னு மலாயில சொன்னாரு. நல்ல மனுஷன், மரியாதையாத்தான் சொன்னாரு, அவரு மேல எனக்கு கோவமே இல்ல. அப்ப என்ன செய்யறதுன்னு கேட்டேன். காடிக்குள்ளயே வச்சுக்கங்கன்னாரு.

காடிக்குள்ள வைக்கிறதுன்னா என்னன்னு யோசிச்சுப் பாத்தீங்களா? நம்ம ஊரு வெயில்ல எஞ்சின் அடைச்ச காடிக்குள்ள 10 நிமிஷத்துல கிட்டத்தட்ட 10 டிகிரி ஏறிடும், அரை மணி நேரத்துல 20 டிகிரி வரைக்கும் போகும், கண்ணாடிய ரெண்டு விரக்கடை எறக்கி விட்டாலும் பெரிசா ஒண்ணும் கொறையாது. நாய்க்கு நம்மள மாதிரி ஒடம்பெல்லாம் வேர்க்காது, பாதத்துல லேசா வேர்க்கும், மத்தபடி நாக்க தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்ட தணிக்கணும், உள்ள இருக்கற காத்தே கொதிச்சா அது என்ன பண்ணும்? ஒடம்புச் சூடு 41 டிகிரிய தாண்டுனா உயிருக்கே ஆபத்து. அப்படி ஏதாவது ஆச்சுன்னா 2015ஆம் வருஷ பிராணிகள் நலச் சட்டம் இருக்கு, அபராதம் 20,000 வெள்ளியில (ரிங்கிட்) இருந்து 1,00,000 வெள்ளி வரைக்கும், இல்லன்னா மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலு, ரெண்டும் சேந்தும் கெடைக்கலாம். எறக்குனா உங்க ரூலுப்படி தப்பு, பூட்டி வச்சா நாட்டுச் சட்டப்படி தப்பு. நாங்க எதத்தான் செய்யறது?

அன்னிக்கு எஞ்சின ஓட விட்டு ஏர்கோன் போட்டு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் உள்ள உக்காந்தோம். ஆறு மணி நேரம் ஓட்ட வேண்டிய மனுஷன் ஒரு காப்பி ஓ (கடுங்காப்பி) கூட உக்காந்து குடிக்கல. களைப்பா இருந்தா நிறுத்தி ஓய்வெடுங்கன்னு வழி நெடுக போர்டு வச்சிருக்கீங்க, எங்க போயி ஓய்வெடுக்குறது?

ஆனா இந்த மடல எழுத வச்சது திரும்பி வந்த ராத்திரிதான். மழை விட்டு கொஞ்ச நேரம் ஆயிருக்கும். வழியில நிறுத்துன எடத்துலயும் அதே பதில், எறக்காதீங்கன்னுட்டாங்க. சின்னி காடிக்குள்ள அசிங்கம் பண்ணாது, பழக்கம் அப்படி. அடக்கிக்கிட்டு மொனங்கிக்கிட்டே வந்துச்சு, அப்பறம் ஒடம்பே நடுங்க ஆரம்பிச்சிருச்சு. வேற வழியில்லாம வீட்டுக்காரரு எமர்ஜென்சி லேன்ல நிறுத்திட்டாரு. தப்புதான், அந்த லேன் எதுக்குன்னு எங்களுக்கும் தெரியும், அங்க நிறுத்தி உயிர விட்டவங்கள பத்தி நியூஸ்ல படிக்காமலா இருக்கோம். பொண்ணு போன் லைட்ட காட்டுனா, நான் தடுப்புக் கம்பி ஓரத்துல நாயப் புடிச்சுக்கிட்டு நின்னேன். செம்பனை எண்ணெய் டேங்கர் ஒண்ணு பக்கத்துல போச்சு பாருங்க, அந்த காத்துல காடி மொத்தமும் ஆடுச்சு, ரோட்டுத் தண்ணி மூஞ்சியில வந்து அடிச்சுது, உள்ள சீட்டுல பெல்ட்டோட தூங்குன சின்னவன் முழிச்சுக்கிட்டு "அம்மா உள்ள வா, அம்மா உள்ள வா"ன்னு கத்துனான். அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. ரெண்டு நிமிஷந்தான். ஒரு மூலையில எறக்க விட்டிருந்தா அந்த ரெண்டு நிமிஷம் எங்களுக்கு வந்தே இருக்காது.

நாங்க கேக்குறது இவ்வளவுதாங்க. ஒவ்வொரு ஆர் அண்ட் ஆர்லயும் ஒரு கடைசி மூலையில தகரக் கூரை போட்ட ஒரு நிழலு, ஒரு தண்ணி பைப்பு, மூடி போட்ட ஒரு குப்பைத்தொட்டி. சுத்தி ஒரு வேலி போட்டுட்டா இன்னும் நல்லது. சாப்பாட்டுக் கடை பக்கம் வேணாம், சூராவ் (தொழுகை எடம்) பக்கம் வேணவே வேணாம். என்கூட வேலை செய்யற மலாய்க்கார தோழிகிட்ட இதப் பத்தி பேசுனேன். நாய் எச்சி பட்டுட்டா எங்க இஸ்லாம் முறைப்படி மண்ணுத் தண்ணியில ஒரு தடவையும் சேத்து ஏழு தடவ கழுவணும், பயணத்துல அது எவ்வளவு செரமம் தெரியுமா, தனி எடம்னு ஒண்ணு இருந்துட்டா எங்களுக்கும் எங்க நடக்குறதுன்னு பயம் இல்லன்னா. அவ சொன்னது எனக்கு நல்லா பட்டுச்சு. இப்ப எடமே இல்லாததாலதான் ஆளாளுக்கு மறைஞ்சு மறைஞ்சு கண்ட எடத்துல எறக்குறாங்க, அசிங்கத்த அள்ளாமயும் போறாங்க. அமெரிக்காவுல நெடுஞ்சாலை ஓய்விடத்துல நாயி நடக்கவே தனியா புல்லுத்தரை விட்டிருக்காங்க. நாங்க அவ்வளவெல்லாம் கேக்கல.

ரூலுன்னு சொன்னா நாங்க கேக்காத ஆளுங்க இல்ல. 2009ல பின்சீட்டுக்கும் பெல்ட்டுன்னாங்க, போட்டோம். 2020 ஜனவரி 1ல இருந்து புள்ளைங்களுக்கு தனி சீட்டுன்னாங்க, தவணையில வாங்கி மாட்டுனோம். டோல் ஏத்துனாலும் கட்டிட்டுத்தான் போறோம். மின்சாரக் காடி வந்துச்சு, சார்ஜ் போட எடம் ஒதுக்குனீங்க, நல்ல விஷயம், வேணாம்னு சொல்லல. எடம் பண்ணணும்னு நெனச்சா பண்ண முடியும்னு அதுலயே தெரியுதுல்ல? அத்தை காடியில வர்றப்ப சொல்லிக்கிட்டே வந்தாங்க, இந்த நாட்டுல காட்ட வெட்டி ரயிலுத் தண்டவாளமும் ரோடும் போட்ட கூட்டத்துல அவங்க தாத்தாவும் ஒருத்தருன்னு. அவங்க பேத்தி எமர்ஜென்சி லேன்ல லைட்டு புடிச்சுக்கிட்டு நிக்கிறா. அத நெனச்சா எனக்கு வயிறு எரியுது.

கோவத்துல கொஞ்சம் எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும். உங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும்னு தெரியும். ஆனாலும் தயவு செஞ்சு இதக் கொஞ்சம் கவனிங்க. எல்லா எடத்துலயும் ஒரே நேரத்துல முடியாதுன்னா வடக்க ஒண்ணு, நடுவுல ஒண்ணு, தெக்க ஒண்ணுன்னு மொதல்ல செஞ்சு பாருங்க. எந்த ஆர் அண்ட் ஆர்னு போர்டுல போட்டுட்டா போதும், அங்க போய்ச் சேர்ற வரைக்கும் நாங்க வேற எங்கயும் சின்னிய எறக்க மாட்டோம். ஒரு நிழலு, ஒரு பைப்பு.

வருஷக் கடைசி லீவுல திரும்பவும் ஜொகூருக்கு போறோம். சின்னிக்கு பத்து வயசாச்சு, முன்ன மாதிரி அதால அடக்க முடியல. அதுக்கு முன்ன ஒரு நல்ல பதில் வரும்னு எதிர்பாத்துக்கிட்டிருக்கோம்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டுல இருந்து ரெண்டு புள்ளைங்களோட அம்மா