கால் நடுங்கினால் என்ன, கயல்?

அன்புள்ள கயலுக்கு,

ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர் முன்னால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டதைச் சொல்லி, நேற்று ‘நான் ஒரு தொடைநடுங்கிம்மா’ என்று போனை வைத்துவிட்டாய். அதற்கப்புறம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அந்தச் சொல்லையே பார். தொடை நடுங்குகிறவர், அவ்வளவுதான் அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் கோழையைக் குறிக்கும் ‘கவர்ட்’ (coward) பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேர், வாலைக் குறிக்கும் லத்தீன் சொல். நாமும் ‘வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடினான்’ என்கிறோமே! உடம்பு செய்வதைப் பார்த்து ஆளுக்கே பெயர் வைத்துவிட்டார்கள். நீ நடுங்கிக்கொண்டே பாதி வரைக்கும் பேசினாயே, அது எந்தக் கணக்கில் வரும்?

சபை பயம் உனக்கு மட்டும் வந்ததல்ல. வள்ளுவர் ‘அவை அஞ்சாமை’ என்று 73ஆம் அதிகாரத்தையே அதற்கு ஒதுக்கியிருக்கிறார். அதில்தான் ‘பகையகத்துப் பேடிகை ஒள்வாள் அவையகத்து அஞ்சு மவன்கற்ற நூல்’ என்கிறார். சபையில் அஞ்சுகிறவன் படித்த படிப்பு, போர்க்களத்தில் பேடி கையிலிருக்கும் வாள் மாதிரியாம். வள்ளுவர்மேல் எனக்கு எவ்வளவு மரியாதை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் இந்த உவமை எனக்குப் பிடிக்கவில்லை. பேடி என்பது ஆண், பெண் என்ற இரண்டிலும் அடங்காதவரைக் குறித்த பெயர். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் 11 ஆடல்களில் பேடியும் ஒன்று; காமன் ஆடியது. அந்தப் பெயரையா பயந்தவனுக்கு வசவாக்குவது?

போன மாதம் தாம்பரம் ரயிலில் ஒருவன் ஒரு காலேஜ் பெண்ணை உரசிக்கொண்டே நின்றான். பெட்டி முழுக்க ஜனம். எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். கோடம்பாக்கத்தில் ஏறிய ஒரு திருநங்கைதான் அவன் சட்டைக் காலரைப் பிடித்து, ‘இறங்குடா’ என்றார். மாம்பலத்தில் இறங்கிவிட்டான். அந்தத் திருநங்கையே அந்தப் பெண்ணுக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்து உட்காரவைத்தார். அப்போது அவர் கையும் நடுங்கியது, வளையல் சத்தம் எனக்குக் கேட்டது.

‘அஞ்சுவது அஞ்சல் அறிவார் தொழில்’ என்று சொன்னவரும் வள்ளுவர்தான். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சத்தான் வேண்டும். உன் மேனேஜர் முகம் அதில் சேராது, சரியா?

வியாழக்கிழமை திரும்ப மீட்டிங் என்றாய். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள். கால் நடுங்கினால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நில். விட்ட இடத்திலிருந்தே பேசு. முடிந்ததும் போன் பண்ணு, அப்பாவும் காத்துக்கொண்டிருப்பார்.

அன்புடன்,
அம்மா
மயிலாப்பூர், சென்னை