முதுமை என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நன்றாகப் பேசிக்கொண்டிருந்த முதியவர் சில நாட்களில் வாயடைத்து, ஒரே இடத்தை வெறித்து, ஊட்டிய கவளத்தை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தால் அது மறதிநோய் முற்றியது என்று முடிவுகட்டாதீர்கள். கேட்டடோனியா எனும் உறைநிலையாக இருக்கலாம், சிகிச்சை உண்டு.

தூக்கிவிட்ட கை அந்தரத்திலேயே நின்றால் சந்தேகம் வலுக்கும். இந்நோயை அளவிடும் புஷ்-பிரான்சிஸ் அளவுகோலின் முதல் 14 அறிகுறிகளில் 2 இருந்தாலே முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். மருத்துவமனையில் லோராசெபாம் எனும் பதற்றம் தணிக்கும் மருந்தை 1 மி.கி. வரை சிரைவழி செலுத்தி, சில நிமிடங்களில் மீண்டும் பார்ப்பார்கள். பலர் பேசத் தொடங்குவார்கள். முதியோருக்கு அளவைக் குறைத்து, மூச்சைக் கவனித்தபடியே தர வேண்டும்.

பிடிவாதம் என்றெண்ணி ஹாலோபெரிடால் எனும் மனநோய் மருந்தைப் போடுவதுதான் எங்களை அஞ்ச வைக்கிறது: விறைப்பும் காய்ச்சலும் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். நெடுநாள் சாப்பிட்ட தூக்கமாத்திரையைத் திடீரென நிறுத்தினாலும் கேட்டடோனியா வரலாம். மாத்திரை அட்டைகள் அனைத்தையும், நிறுத்தியவை உட்பட, மருத்துவரிடம் காட்டுங்கள். அசையாத கால்களில் ரத்தம் உறையலாம், தாமதிக்க நேரமில்லை.

– முதியோர் மனநலப் பணியாளர்கள்